இடுப்பு வலி: படுப்பதா, நடப்பதா? வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

சென்ற மாதம் முழங்கால் வலியைப் பற்றி எழுதி முடிக்கும்போது, "இடுப்பு வலி என்றதும் எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். சிலர் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை இடுப்பு வலி மட்டும்தான்.

கேள்வி: எனக்கு 42 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 25 கிலோ அரிசி மூட்டையை இறக்கும்போது இடுப்பில் படக்கென்று பிடித்தது. மூன்றாம் நாளே ஸ்கேன் எடுத்தோம். எல்4-எல்5 'டிஸ்க் பல்ஜ்' என்று ரிப்போர்ட் வந்தது. டிஸ்க் விலகிவிட்டது, அசையாமல் படுத்திருங்கள் என்றார்கள். 18 நாளாகக் கட்டிலில் இருக்கிறேன். வலி குறைந்திருக்கிறது, ஆனால் எழுந்தால் மறுபடி விலகிவிடுமோ என்று பயம். ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று மைத்துனர் சொல்கிறார். இனி மூட்டை தூக்கவே முடியாதா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: முதலில் எழுந்து உட்காருங்கள். இதைப் படித்து முடித்ததும் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். கால் மரத்துப் போனதாகவோ, முட்டிக்குக் கீழே வலி இறங்கியதாகவோ, சிறுநீர் போவதில் சிரமம் என்றோ உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

'டிஸ்க் விலகிவிட்டது' என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ, அது செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. டிஸ்க் என்பது கேரம் போர்டு காய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் பொருள் இல்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது அது (எல்4, எல்5 என்பவை இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகள்). மேலே உள்ள எலும்போடும் கீழே உள்ள எலும்போடும் இறுக ஒட்டியிருக்கிறது. நடுவில் நுங்கு போல வழவழப்பு. அதைச் சுற்றி, தேங்காய் நார்க் கயிறு முறுக்கினாற்போல் அடுக்கடுக்காக நார் வளையம். வயதாக ஆக உள்ளே ஈரம் குறையும், வளையம் சற்றுப் பிதுங்கும். அந்தப் பிதுக்கத்துக்குப் பெயர்தான் 'பல்ஜ்'. வளையம் கிழிந்து உள்ளே இருப்பது வெளியே வந்து நரம்பில் இடித்தால் அது வேறு கதை. அப்போது வலி இடுப்பில் நிற்காது, காலுக்குப் போகும்.

2015-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. இடுப்பு வலியே இல்லாத 3,110 பேருடைய ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 30 பேருக்கும், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும், 80 வயதில் 84 பேருக்கும் 'பல்ஜ்' இருந்தது. இத்தனை பேரும் வலி என்றால் என்னவென்று தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். உங்கள் கடைக்கு நாளை வரும் நாற்பது வயது வாடிக்கையாளர்களை வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுத்தால், பாதிப் பேர் கையில் உங்களுடைய ரிப்போர்ட்தான் இருக்கும். உங்கள் வலிக்கு அந்தப் பிதுக்கம்தான் காரணம் என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. மூட்டையை இறக்கும்போது தசையோ தசைநாரோ சுளுக்கியிருக்கலாம். பத்தில் எட்டு ஒன்பது இடுப்பு வலிகளுக்கு 'இந்த இடம்தான்' என்று விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை. அதற்காக வலி பொய் என்று அர்த்தமில்லை. ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

அப்படியானால் டாக்டர் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? நான் செய்வதைச் சொல்கிறேன், பத்து நிமிடம்கூட ஆகாது. செருப்பைக் கழற்றச் சொல்வேன். குதிகாலில் நான்கு எட்டு, பிறகு முன்னங்காலில் நான்கு எட்டு நடக்க வேண்டும். அப்புறம் படுக்கவைத்து, கால் பெருவிரலை முகத்தைப் பார்த்துத் தூக்கச் சொல்லி, நான் ஒரு விரலால் கீழே அழுத்துவேன். நல்ல நரம்பு உள்ள பெருவிரலை என் ஒரு விரலால் சாய்க்க முடியாது. சாய்ந்துவிட்டால், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 என்ற நரம்பு பலவீனம் என்று குறித்துக்கொள்வேன். முன்னங்காலில் நிற்க முடியாமல் ஒரு பக்கம் குதிகால் தரையில் விழுந்தால், அதற்கு அடுத்த நரம்பான எஸ்1 பலவீனம். பிறகு முட்டி மடங்காமல் காலை மெதுவாகத் தூக்குவேன். 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவில் முட்டிக்குக் கீழே கரண்ட் அடித்த மாதிரி இழுத்தால் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகம் வரும். இடுப்பில் மட்டும் வலித்தால் வராது. கடைசியில் ஒரு சின்ன சுத்தியலால் முட்டியிலும் குதிகால் நரம்பிலும் தட்டிப் பார்ப்பேன். கால் தொட்டுப் பார்க்கப்படாமல் ஸ்கேன் சீட்டு எழுதித் தரப்பட்டால், "டாக்டர், கால் பலத்தைப் பார்த்துவிடுகிறீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

18 நாள் படுக்கைக்கு வருகிறேன். 1995-ல் பின்லாந்தில், ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, மூன்றாவது பிரிவிடம் "முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது மூன்றாவது பிரிவு. கடைசியில் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள், அதுவும் இரண்டே நாள் படுத்தவர்கள். நீங்கள் 18 நாள் படுத்திருக்கிறீர்கள். இப்போது எழுந்ததும் கால் நடுங்கினால் அது டிஸ்க்கால் அல்ல, தசை தளர்ந்ததால்.

எனக்கே ஒருமுறை பிடித்திருக்கிறது. ஈரத்துணி வாளியை மாடிக்குத் தூக்கிப்போகும்போது நடந்தது. மறுநாள் காலை செருப்பின் வாரை மாட்டக் குனிய முடியவில்லை, மகள்தான் மாட்டிவிட்டாள். கிளினிக்குப் போய் நின்றுகொண்டே நோயாளிகளைப் பார்த்தேன். நான்காம் நாள் உட்கார முடிந்தது, இரண்டாவது வாரத்தில் மறந்தே போனேன். பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் இப்படித்தான் குறைகிறது.

இன்று பத்து நிமிடம் நடங்கள், காலையும் மாலையும். நாளை மறுநாள் பதினைந்து. கடையில் ஒரே இடத்தில் உட்காராமல் எழுந்து சரக்கு எடுத்துக் கொடுங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள். இடுப்புக்கு பெல்ட் போட்டிருந்தால் கழற்றிவிடலாம். இரண்டு வாரம் போனதும் ஐந்து கிலோ பையிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுங்கள். மூட்டையை உடம்போடு அணைத்துப் பிடித்து, தூக்கியபடி இடுப்பைத் திருகாமல், காலை நகர்த்தித் திரும்புங்கள். 25 கிலோ மறுபடி தூக்குவீர்கள். ஆனால் நாள் முழுக்க நீங்களே தூக்க வேண்டும் என்பதில்லை, பையனையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மைத்துனர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆபரேஷன் பேச்சே தேவையில்லை. காலுக்கு வலி பாயும் நோயாளிகளில்கூட அவசரம் குறைவுதான். 2007-ல் நெதர்லாந்தில், வாரக்கணக்கில் கடுமையான கால் வலியோடு இருந்த 283 பேரில் பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தார்கள், மீதிப் பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தவர்களிலும் சிலருக்கு வலி தாங்காமல் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, அது உண்மை. ஒரு வருடம் முடிந்தபோது இரண்டு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். கால் விளங்காமல் போகும் என்ற பயத்தில், உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கப் பயமும் வேண்டாம்.

கேள்வி: ஏழு வருடத்துக்கு முன் சிசேரியனில் மகன் பிறந்தான். அப்போது முதுகில் போட்ட ஊசியால்தான் இன்றுவரை இடுப்பு வலி. பீடி சுற்றுகிறேன். மாலையானால் நிமிர முடியவில்லை. மெடிக்கலில் ஒரு வேளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் சோறு வடிக்கிறேன். ஊசி விஷத்தை எடுக்க வழி உண்டா?
- வாசகி, முக்கூடல்

பதில்: சகோதரி, உங்கள் கேள்வியை எங்கள் பக்கத்தில் கேட்காத தாயே இல்லை. என் கிளினிக்கில் வாரத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். அந்த ஊசியின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்குக் கீழே உள்ள இடைவெளியில்தான் போடுகிறார்கள். மருந்து சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்கு ஒரு வாரம் தலைவலி வரலாம். ஏழு வருடம் தங்கியிருக்க அங்கே விஷம் எதுவும் இல்லை. பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலியில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. சுகப்பிரசவம் ஆன உங்கள் அக்கா தங்கைகளையும் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் இடுப்பு வலிக்கும்.

அப்போது எதனால்? கர்ப்பத்தில் இடுப்பெலும்பைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. வயிற்றுத் தசை விரிந்து, பலம் இழக்கிறது. பிள்ளை பெற்ற உடம்பு மறுபடி இறுகுவதற்குள் பிள்ளையைத் தூக்கவும் குடம் தூக்கவும் ஆரம்பித்துவிடுகிறோம். உங்களுக்கு அதற்கு மேல் பீடி. மடியில் தட்டு, கழுத்து குனிந்து, முதுகு வில்லாக வளைந்து, சம்மணமிட்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஊசி போட்ட நாள் நினைவில் பதிந்திருக்கிறது, அதனால் பழி அதன்மேல். தினமும் செய்கிற வேலை கண்ணில் படுவதில்லை.

பீடியை விட்டுவிடுங்கள் என்று நான் எழுதமாட்டேன். அந்தக் கூலி இல்லாமல் உங்கள் வீடு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாதா? ஐம்பது பீடிக்கு ஒருமுறை தட்டை இறக்கி வைத்து எழுந்திருங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வரும். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்பக்கமாக ஐந்து முறை சாயுங்கள், குடத்தடி வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். உட்காரும்போது பழைய போர்வையை நான்காக மடித்து அடியில் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்தாலே முதுகின் வளைவு குறையும். ஒரு காலை நீட்டி, மாற்றி மாற்றி வையுங்கள்.

காலையில் பாயைச் சுருட்டுவதற்கு முன் ஒரு பயிற்சி. மல்லாந்து படுத்து, இரு முட்டியையும் மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெதுவாக மேலே தூக்குங்கள். ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை. முதல் வாரம் தசை வலிக்கும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அந்த மெடிக்கல் மாத்திரைதான் எனக்குக் கவலை. சீட்டு இல்லாமல் பிரித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். போட்டதும் பறக்கிற மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும். நீங்கள் வெகுநாளாகப் போட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரையை அட்டையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், டாக்டர் பார்த்துக் குறைத்துத் தருவார்.

கேள்வி: வயது 24. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஒன்றரை வருடமாக இடுப்பு வலி. பாதி ராத்திரிக்கு மேல் வலியில் விழிப்பு வந்துவிடுகிறது. காலையில் ஒரு மணி நேரம் கட்டையாக இருக்கிறது. ஷட்டில் விளையாடினால் சரியாகிவிடுகிறது! பதினெட்டாயிரம் ரூபாய் நாற்காலி வாங்கியும் பயனில்லை. எக்ஸ்ரே நார்மல்.
- வாசகர், வேளச்சேரி

பதில்: தம்பி, இந்த மாதம் வந்ததில் நான் இரண்டு முறை படித்த கடிதம் உங்களுடையதுதான். நாற்காலி வலி என்றால் ஓய்வில் குறைய வேண்டும், அசைந்தால் கூட வேண்டும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. 45 வயதுக்குள் ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பின்னிரவில் எழுப்பி, காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கமாக இருந்து, விளையாடினால் குறைகிற வலி அழற்சியால் வருவதாக இருக்கலாம். முதுகெலும்பையும் இடுப்பு மூட்டுகளையும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய் அது. பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். கழுத்து வலிக்கு எல்லோரும் சொல்லும் ஸ்பாண்டிலோசிஸ் வேறு, இது வேறு.

எக்ஸ்ரேயில் தெரிய வருடக்கணக்கில் ஆகும். அதனால் 'நார்மல்' என்பதை நம்பி உட்கார வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் அல்ல, வாதநோய் நிபுணரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்ட்டிடம் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. எச்.எல்.ஏ.-பி27, சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளும், புட்டத்துக்கு மேலே உள்ள மூட்டுகளுக்கு எம்.ஆர்.ஐ.யும் எழுதுவார்கள். எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றேனே, உங்களுக்கு வேண்டும். எப்போதாவது ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் கூசி வலித்ததுண்டா? வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா? சோரியாசிஸ் உண்டா? இவற்றை மறக்காமல் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் போல இறுகிவிடும். இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், இந்த நோயை அது வேகப்படுத்தும். ஷட்டிலை விடாதீர்கள்.

கேள்வி: தரையில் படுத்தால்தான் இடுப்புக்கு நல்லது என்கிறார்களே?
- வாசகி, ராஜபாளையம்

பதில்: ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் பார்த்தார்கள், 2003-ல் வெளியானது. மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. தரை உங்களுக்குச் சுகமாக இருந்தால் படுங்கள், கட்டாயமில்லை. நடுவில் குழி விழுந்த இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் மாற்றுங்கள் அல்லது பஞ்சைப் பிரித்து அடித்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பேருந்தின் கடைசி இருக்கையில் வந்த 69 வயது அம்மாவுக்கு, வேகத்தடையில் தூக்கிப் போட்டதிலிருந்து நடு முதுகுக்குக் கீழே தாங்க முடியாத வலி. எண்ணெய் தேய்த்து மிதித்து விடுபவரிடம் அழைத்துப் போகலாமா?
- வாசகர், திருவில்லிபுத்தூர்

பதில்: வேண்டாம். தயவு செய்து வேண்டாம். முதலில் எக்ஸ்ரே. மாதவிடாய் நின்று பல வருடமான பெண்ணுக்கு எலும்பு மெலிந்திருக்கும், ஒரு குலுக்கலே முதுகெலும்பை நசுக்கப் போதும். நசுங்கிய எலும்பின்மேல் மிதித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எலும்பு முறிவு என்றால் சில நாள் ஓய்வு, வலிக்கு மருந்து, பிறகு மெல்ல நடை. அதோடு நிறுத்தாமல் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றியும் எலும்பு மெலிவுக்கு மருந்து பற்றியும் கேளுங்கள். ஓர் எலும்பு நசுங்கியவருக்கு அடுத்ததும் நசுங்கும் வாய்ப்பு அதிகம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு சாப்பிட்டாரா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஸ்கேன் வேண்டாம் என்று எழுதுவது எளிது. ஆபத்தான வலியைச் சாதாரண வலி என்று விட்டுவிட்டால் யார் பொறுப்பு?
- வாசகர், மதுரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கொத்தனார் வந்தார், முப்பது வயதிருக்கும். கொத்தனாருக்கு இடுப்பு வலி வராமல் இருக்குமா என்று நினைத்து வலி மாத்திரை எழுதினேன். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார், மாத்திரையை மாற்றினேன். மூன்றாம் முறை வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. அப்போதுதான் கேட்டேன்: மாலையில் காய்ச்சல் வருகிறதா? "ரெண்டு மாசமா வருது டாக்டரம்மா, நீங்க கேக்கலியே" என்றார். முதுகெலும்பில் காசநோய். அதற்குள் கால் இரண்டும் பலம் குறையத் தொடங்கியிருந்தது. அரசு இலவசமாகத் தரும் மருந்தை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டு, நல்லவேளையாக எழுந்து நடந்தார். அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையால்தான், இன்றுவரை இடுப்பு வலி என்று யார் வந்தாலும் சட்டை தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், எப்படிப் புரண்டு படுத்தாலும் விடாத இரவு வலி, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, வெகுநாள் ஸ்டீராய்டு, நாளுக்கு நாள் கூடும் கால் பலவீனம். இதில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை தள்ளிப்போகக் கூடாது, ஸ்கேனும் எடுக்கத்தான் வேண்டும். எதுவுமே இல்லாமல் ஆறு வாரம் ஆகியும் குறையவில்லை என்றாலும் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று மணிக்கணக்கில் பார்க்க வேண்டியது. இடுப்பு வலியோடு, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப் போவது, சிறுநீர் முட்டியும் வராமல் நிற்பது அல்லது தெரியாமலே கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரண்டு கால்களும் ஒன்றாகத் தளர்வது. தண்டுவடத்துக்குக் கீழே கொத்தாக இறங்கும் நரம்புகள் நசுங்கும்போது இப்படி ஆகும். கேட்க வெட்கப்பட்டு, சொல்ல வெட்கப்பட்டு, மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அந்த நரம்புகளுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. இரவு இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, எம்.ஆர்.ஐ.யும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதலில் பார்ப்பவரிடம் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாமல், "சிறுநீர் வரவில்லை, உட்காரும் இடம் மரத்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.